டெத் வேலி: கோல்டன் கேன்யன் – கௌவர் கல்ச் சுற்றுப்பாதை, மார்ச்சில் குடும்பத்தோடு. ஆலோசனை தேவை

குமரன்_நடை

எல்லோருக்கும் வணக்கம். மார்ச் மூன்றாவது வாரம் மகளுக்குப் பள்ளி விடுமுறை. கலிஃபோர்னியாவில் டெத் வேலி தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். நான், மனைவி, 11 வயது மகள், 66 வயது மாமனார். மாமனார் தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடப்பவர். மூட்டுவலி கிடையாது, ரத்த அழுத்தத்துக்கு மட்டும் மாத்திரை எடுக்கிறார். மகள் காட்டுப்பாதைகளில் நன்றாக நடந்திருக்கிறாள். பாலைவனத்தில் நடப்பது எங்கள் நால்வருக்கும் இதுதான் முதல் முறை.

மனதில் இருக்கும் பாதை: கோல்டன் கேன்யன் வழியாக ஏறி, மேன்லி பீக்கன் சிகரத்தின் தோளை (உச்சிக்குக் கீழே உள்ள மேட்டை) கடந்து, கௌவர் கல்ச் ஓடை வழியாக இறங்கி, வண்டி நிற்கும் இடத்துக்கே திரும்பும் சுற்று. 4.3 மைல், அதாவது 7 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஏற்றம் 850 அடி அளவில். 'நடுத்தரம்' என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள்.

எந்தத் திசையில் சுற்றுவது? ஆளுக்கு எவ்வளவு தண்ணீர்? லாஸ் வேகஸில் இருந்து இரண்டு மணி நேரம்தான் என்பதால் அன்று காலையே கிளம்பிப் போகலாமா?

மலைத்தேன்

நல்ல தேர்வு. 4.3 மைல் உங்களுக்கு ஒன்றுமே இல்லை. முடிந்தால் ஜப்ரிஸ்கி பாயிண்ட் காட்சிமுனையையும் சேர்த்து முழுச் சுற்றாக அடித்துவிடுங்கள், 7.8 மைல் வரும். அவ்வளவு தூரம் வந்து அந்தக் காட்சியை விட்டுவிட்டுப் போவதா?

வெண்களர்

மலைத்தேன், முதல் முறை வருகிறவர்களுக்கு 7.8 மைலைச் சொல்லாதீர்கள். ஜப்ரிஸ்கி பாயிண்டுக்கு வண்டியிலேயே போகலாம். நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிட ஏற்றம்தான். நடையை முடித்துவிட்டு மாலையிலோ, மறுநாள் விடியலிலோ பார்த்துக்கொள்ளட்டும். (பூங்காவின் தளத்தில் சாலை நிலவரத்தை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். வெள்ளத்துக்கும் பராமரிப்புக்கும் அங்கே இடங்களை மூடுவது வழக்கம்.)

குமரன், உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். நீங்கள் கேட்காத நாலாவது ஒன்று இருக்கிறது, அதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்: எந்த இடத்தில், என்ன நிலையில் இருந்தால் திரும்புவீர்கள்?

போன வழியே திரும்பும் பாதையில் இந்தக் கேள்விக்குச் சிக்கல் இல்லை. களைப்பாக இருந்தால் திரும்பிவிடுவோம். எந்த அடியில் திரும்பினாலும் வந்த தூரம்தான் மிச்சம். சுற்றுப்பாதையில் மனம் வேறு மாதிரி ஓடும். பாதிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் 'இனி முன்னால் போனால் என்ன, பின்னால் போனால் என்ன, முடித்துவிடுவோம்' என்று தோன்றும். தூரக் கணக்கில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் முன்னால் இருப்பது நிழலே இல்லாத நண்பகல் ஓடை. பின்னால் இருப்பது உங்களுக்குத் தெரிந்த, பெரும்பாலும் இறக்கமான, சுவர் நிழல் கிடைக்கிற பள்ளத்தாக்கு. மைல் ஒன்றாக இருந்தாலும் உடம்புக்கு அவை வேறு வேறு.

இந்தப் பாதையில் முடிவெடுக்க வேண்டிய இடம் மேன்லி பீக்கனின் தோள். ஏற்றத்தில் பெரும்பகுதி அங்கே முடிந்திருக்கும். அங்கே உட்கார்ந்து எல்லோருடைய தண்ணீரையும் பாருங்கள். யாராவது ஒருவரிடம் பாதிக்குக் கீழே போயிருந்தாலோ, நீங்கள் குறித்து வைத்த நேரம் தாண்டியிருந்தாலோ, ஒருவருக்குத் தலை வலித்தாலோ, வந்த வழியே இறங்குங்கள். இந்த மூன்றையும் முதல் நாள் இரவே நால்வரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் உட்கார்ந்துகொண்டு இதை விவாதித்தால் யாருடைய ஆசை பெரிதோ அதுதான் ஜெயிக்கும்.

நீலா

நான் இன்னும் ஒரு படி மேலே போகிறேன். சுற்றே வேண்டாம். கோல்டன் கேன்யனில் ஏறி ரெட் கதீட்ரல் வரை போய்த் திரும்புங்கள். போக வர 3 மைல்தான். மடிப்பு மடிப்பாக நிற்கும் செம்பாறைச் சுவரைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். குழந்தையையும் பெரியவரையும் கூட்டிக்கொண்டு முதல் பாலை நடையிலேயே கௌவர் கல்ச்சில் இறங்க வேண்டிய அவசியம் என்ன?

வெண்களர்

நீலா சொல்வதில் நியாயம் இருக்கிறது. பூங்காவுக்குள் இருக்கும் குடியிருப்பான ஃபர்னஸ் க்ரீக்குக்கான முன்னறிவிப்பு 32 டிகிரி செல்சியஸுக்கு மேலே காட்டினால் நானும் அதையேதான் சொல்வேன். மார்ச்சில் அங்கே பகல் உச்ச வெப்பம் சராசரியாக 28 டிகிரி. ஏப்ரலில் 32, மே மாதம் 38. ஆனால் சராசரி என்பது சராசரிதான்; மார்ச்சிலேயே 35-ஐத் தாண்டும் நாட்களும் உண்டு. ஆகவே தேதியை நிச்சயித்தாலும் பாதையை நிச்சயிக்காதீர்கள். முந்தைய மாலை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு எந்தப் பாதை என்று முடிவு செய்யுங்கள்.

கோடையில் வருகிறவர்கள் யாராவது இந்த இழையைப் படித்தால் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். தாழ்வான பகுதிகளில் கோடைக்காலத்தில் காலை 10 மணிக்கு மேல் நடக்க வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. ஃபர்னஸ் க்ரீக்கில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 56.7 டிகிரிதான் இன்றுவரை உலக சாதனைப் பட்டியலில் இருக்கிறது. கடும் வெப்பத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் மீட்பு ஹெலிகாப்டர் வர முடியாமல் போவதும் அங்கே நடந்திருக்கிறது. அவசரம் என்று கூப்பிட்டால் வந்துவிடுவார்கள் என்ற நினைப்பில் நடக்கக்கூடிய இடம் இல்லை அது.

குமரன்_நடை

மிக்க நன்றி. 32 டிகிரி என்ற எல்லையை அப்படியே குறித்துக்கொண்டேன். தண்ணீரும் திசையும் பற்றிச் சொல்லுங்கள்.

செவிலி_மங்கை

தண்ணீர் பற்றி நான் சொல்கிறேன். அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன், வெயில் அடித்து வருகிறவர்களைக் கோடைதோறும் பார்க்கிறவள்.

வறண்ட காற்றில் வியர்வை தோலில் நிற்காது. வந்த உடனே ஆவியாகிவிடும். சட்டை நனையாததால் 'எனக்கு வியர்க்கவே இல்லை, தண்ணீர் பிறகு குடித்துக்கொள்ளலாம்' என்று நினைப்பார்கள். தொப்பியின் விளிம்பையும் தோள்பட்டைப் பட்டியின் ஓரத்தையும் பாருங்கள். வெள்ளையாக உப்புக் கோடு படிந்திருக்கும். போன தண்ணீருக்கு அதுதான் சாட்சி.

மிதமான வெயிலில் நடக்கும்போது மணிக்கு அரை லிட்டர், வெயில் ஏறினால் ஒரு லிட்டர் வரை. தாகம் எடுத்த பிறகு மொத்தமாக ஊற்றிக்கொள்ளாமல், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மிடறு. குழந்தைகள் விளையாட்டில் மறந்துவிடுவார்கள், அவளுக்கென்று தனிப் பாட்டில் கொடுத்து நீங்கள் கண்ணால் அளவு பாருங்கள். நீங்கள் சொல்லும் தூரத்துக்கு நிதானமாக மூன்றரை மணி நேரம் என்று வைத்தால் பெரியவர்களுக்கு ஆளுக்கு 3 லிட்டர், மகளுக்கு 2 லிட்டர். இது தோளில் சுமப்பது. வண்டியில் தனியாகப் பத்து லிட்டராவது இருக்கட்டும்.

தண்ணீரை மட்டுமே குடித்துக்கொண்டிருப்பதும் ஆபத்து. உப்பு வெளியேறும் வேகத்தில் வெறும் தண்ணீரை ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று அறிகுறிகள் வெயில் அடித்தவர் போலவே இருக்கும்; அதைப் பார்த்து இன்னும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும். உப்புள்ள தின்பண்டம் ஏதாவது கூடவே போகட்டும். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆளுக்கு ஒன்று போதும்.

மாமனாரின் மாத்திரை எது என்று பாருங்கள். சிறுநீரைப் பெருக்கும் வகையாக இருந்தால் நீரிழப்பு சீக்கிரம் வரும். இதயத் துடிப்பைக் குறைக்கும் வகையாக இருந்தால் உடம்பு வெப்பத்துக்கு ஈடுகொடுப்பது மந்தப்படும். நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். பயணத்துக்கு முன்பே அவருடைய மருத்துவரிடம் 'பாலைவனத்தில் மூன்று நான்கு மணி நேரம் நடக்கப்போகிறார்' என்று வாயைத் திறந்து சொல்லிக் கேளுங்கள்.

குமரன்_நடை

மங்கை அக்கா, மாத்திரை விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. இன்றே கேட்கிறேன். ஒன்று மட்டும்: வெறும் களைப்பா, ஆபத்தா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

செவிலி_மங்கை

பேச்சுக் கொடுங்கள். களைத்த மனிதர் சலித்துக்கொள்வார், ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் வரும். மயக்கம், தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு வந்தால் அங்கேயே நிழலில் உட்கார வைத்து, காலைத் தூக்கி வைத்து, உப்புக் கரைசல் கொடுத்து, முழுதாகத் தேறிய பிறகுதான் நகர வேண்டும், அதுவும் திரும்பும் திசையில் மட்டும். பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பதில் வந்தாலோ, நடை தள்ளாடினாலோ அது வெப்பத் தாக்கு, உயிருக்கு ஆபத்து. இருக்கிற தண்ணீரைத் தலை, கழுத்து, அக்குள், மார்பு என்று ஊற்றி நனைத்து விசிறுங்கள். நினைவு தப்பினவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒருவர் பக்கத்தில் இருக்க, இன்னொருவர் உதவிக்கு ஓட வேண்டும்.

மலைத்தேன்

தண்ணீர் பற்றி மங்கை சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. 7.8 மைலையும் திரும்பப் பெறுகிறேன். ஆனால் திசையில் எனக்கு வேறு கருத்து. கௌவர் கல்ச்சில் தொடங்குங்கள்!

நிறுத்துமிடத்திலிருந்து கௌவர் கல்ச் வாய்க்குப் போக மலையடிவாரத்தை ஒட்டி ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைவாக நடக்க வேண்டும். மேற்கே பார்த்த திறந்த வெளி அது. காலையில் அந்த மலையின் நிழலே உங்கள் மேல் விழும். எல்லோரும் போகிற திசையில் போனால் அதே திறந்த வெளியைக் கடைசியில், நண்பகல் வெயிலில், களைத்த காலோடு கடக்க வேண்டும். வறண்ட அருவி இருக்கும் குறுகலான இடத்தையும் புதுத் தெம்போடு ஏறிவிடலாம். கடைசியில் கோல்டன் கேன்யனின் சுவர்களுக்கு நடுவே இறங்கி வருவது கண்ணுக்கும் விருந்து.

வெண்களர்

நிழல் கணக்கு உண்மை, மறுக்க மாட்டேன். குளிர்காலத்தில், அனுபவம் உள்ள இருவர் போனால் உங்கள் திசையையே நானும் தேர்ந்தெடுப்பேன். குமரன் குடும்பத்துக்கு அது ஏன் வேண்டாம் என்றால், அந்தத் திசையில் திரும்புவதற்கு நல்ல இடமே கிடையாது. ஏற்றம் முழுவதும் ஓடைக்குள்ளேயே மெதுவாக நீண்டு வரும்; செங்குத்தான பகுதி வரும்போது வெயில் ஏறியிருக்கும்; அங்கிருந்து வந்த வழியே போவதென்றால் நிழலற்ற ஓடையும் அடிவாரமும் மறுபடியும். கோல்டன் கேன்யனில் ஏறினால் முதல் மைல் முழுக்க 'இது நமக்கு ஒத்து வருகிறதா' என்று தெரிந்துகொள்ளும் மைல். ஒத்து வரவில்லையென்றால் நீலா சொன்ன ரெட் கதீட்ரலோடு முடித்துக்கொள்ளலாம். அந்த முதல் மைலின் முடிவில்தான் ரெட் கதீட்ரலுக்கும் சுற்றுக்குமான பிரிவு வருகிறது. ரெட் கதீட்ரல் அந்த இடத்திலிருந்து அரை மைல். சுற்றுக்காரர்கள் அதையும் பார்த்துவிட்டு வருவதென்றால் போக வர ஒரு மைல் கூடும், அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி மைலின் வெயிலுக்கு மருந்து திசை இல்லை, நேரம். 7 மணிக்கு நடக்க ஆரம்பித்தால் அந்த அடிவாரத்துக்கு 10 மணியை ஒட்டி வந்துவிடுவீர்கள். அதனால்தான் லாஸ் வேகஸிலிருந்து அன்று காலை கிளம்புவதை நான் ஏற்கவில்லை. ஐந்து மணிக்குப் புறப்பட வேண்டும், அதற்கு நாலு மணிக்கு எழ வேண்டும். குழந்தையோடு அது ஒன்பதாகி நிற்கும். முந்தைய இரவு ஃபர்னஸ் க்ரீக்கிலேயே தங்குங்கள். விடுமுறைக் காலத்தில் அறையும் கூடாரத் திடலும் சீக்கிரம் நிரம்பும், இப்போதே பதிவு செய்யுங்கள்.

கல்படிப்பவன்

நிலவியல் படித்தவன் என்ற முறையில் இரண்டு விஷயம்.

முதலாவது வெள்ளம். ஆண்டுக்கு 2 அங்குலம் சொச்சம்தான் மழை, அதில் என்ன வெள்ளம் என்று கேட்பார்கள். செடி இல்லாத களிமண் சரிவில் தண்ணீர் உள்ளே இறங்குவதில்லை, அப்படியே வழிந்து ஓடைக்கு வந்துவிடும். கோல்டன் கேன்யனுக்குள் ஒரு காலத்தில் தார்ச்சாலையே இருந்தது. 1976 பிப்ரவரி வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. நுழைந்ததும் ஓரங்களைப் பாருங்கள்: சரளைக்கு மேலே கறுப்பாக, உடைந்த விளிம்போடு அந்தச் சாலையின் பாளங்கள் இன்னும் நிற்கும். 2023 ஆகஸ்டில் ஹிலரி புயலின் மிச்சம் ஒரே நாளில் 2.2 அங்குலம் கொட்டியதில் பூங்கா ஏறத்தாழ இரண்டு மாதம் மூடிக் கிடந்தது.

கௌவர் கல்ச்சுக்குக் கூடுதலாக ஒரு கதை உண்டு. ஃபர்னஸ் க்ரீக் குடியிருப்பைக் காப்பதற்காக 1941-ல் பெரிய ஓடை ஒன்றை வெட்டி இதற்குள் திருப்பிவிட்டார்கள். ஆகவே இந்தச் சின்ன ஓடைக்குத் தன் சொந்தச் சரிவுகளின் மழை மட்டுமல்ல, பின்னால் கண்ணுக்கே தெரியாத மலைகளின் மழையும் வந்து சேரும். உங்கள் தலைக்கு மேலே நீல வானம் இருப்பது இங்கே ஒரு சமாதானமே இல்லை. சுற்றுவட்டாரத்தில் எங்கே மழை என்று முன்னறிவிப்பு சொன்னாலும் கௌவர் பக்கம் இறங்காதீர்கள்.

இரண்டாவது, தவறான தடங்கள். அந்த மஞ்சள் மேடுகள் முப்பது முதல் ஐம்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு ஏரியின் அடியில் படிந்த சேறு. கெட்டியாகத் தெரியும், கால் வைத்தால் உதிரும். குறுக்கே ஏறிப் பார்த்தவர்களின் காலடிகள் ஒவ்வொரு சந்திலும் பாதை போலவே தெரியும். காலடி இருப்பதாலேயே அது பாதை ஆகிவிடாது. பிரிவுகளில் அடையாளக் கம்பங்கள் இருக்கின்றன. ஒரு கம்பத்தைப் பார்த்த பிறகு வெகுநேரம் அடுத்தது வரவில்லையென்றால் கடைசிக் கம்பத்துக்குத் திரும்பிப் போங்கள்.

மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். கோல்டன் கேன்யனின் சாய்ந்த பாறைப் பலகைகளில் அலை வரிகளைத் தேடச் சொல்லுங்கள். ஏரிக்கரையில் தண்ணீர் தளும்பியபோது சேற்றில் விழுந்த மடிப்புகள், விரலை வைத்தால் வரி வரியாகத் தட்டுப்படும். கடல் மட்டத்துக்கும் கீழே தொடங்குகிற நடை இது என்பதையும் சொல்லுங்கள். கௌவர் கல்ச் சுவர்களில் பழைய போராக்ஸ் (வெண்காரம்) சுரங்க வாய்கள் இருக்கும், அவற்றுக்குள் தலையை நீட்டக்கூட வேண்டாம்.

நீலா

வறண்ட அருவியைப் பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லையே. என் தயக்கமே அங்கேதான்.

வெண்களர்

ஓடையின் கீழ்முனையில் பாறை திடீரென்று ஏறத்தாழ 30 அடி அறுந்து நிற்கும். அதில் இறங்குவது இல்லை. அதற்குச் சற்று முன்பே பாதை வலப்பக்கச் சுவரை ஒட்டிப் பிரிந்து, மலைச்சரிவைக் கட்டியபடி அடிவாரத்துக்கு இறங்கும். கைகால் போட்டு ஏற வேண்டிய இடம் இல்லை. ஆனால் தடம் குறுகல், சரளை வழுக்கும், ஒரு பக்கம் பள்ளம். மகளைச் சுவர்ப் பக்கமாக விடுங்கள், முன்னால் ஓட விடாதீர்கள். மாமனாருக்கு ஊன்றுகோல் இரண்டு இருந்தால் இங்கேயும், தோளிலிருந்து இறங்கும் செங்குத்திலும் பெரிய உதவி. அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கிற காலணி வேண்டும், தேய்ந்த ஓட்டக் காலணி வேண்டாம்.

மலைத்தேன்

உடை பற்றி ஒரு வரி: தளர்வான முழுக்கைச் சட்டை, கழுத்தை மறைக்கும் தொப்பி. வெயில் என்று அரைக்கைக்குப் போகாதீர்கள். வெள்ளிப்பூச்சுள்ள வெயில்குடை பெரியவருக்கு நல்லது, காற்று அடித்தால் மடக்கிவிட வேண்டும். பாறை இடுக்குகளில் பார்க்காமல் கை வைக்க வேண்டாம், பாம்பும் தேளும் உண்டு.

குமரன்_நடை

மாமனாரோடும் மனைவியோடும் உட்கார்ந்து பேசிவிட்டேன். மருத்துவர், மாத்திரை சிறுநீர் பெருக்கும் வகைதான் என்றும், அன்றைய வேளையை எப்போது எடுப்பது என்றும் அவரிடமே சொல்லியிருக்கிறார். திட்டம் இப்படி நிற்கிறது:

ஃபர்னஸ் க்ரீக்கில் இரண்டு இரவு. முந்தைய மாலை பார்வையாளர் மையத்தில் பாதை நிலவரம் கேட்டு, தண்ணீரை நிரப்பிக்கொள்வோம். காலை 7 மணிக்கு கோல்டன் கேன்யன் நிறுத்துமிடத்தில் நடை தொடக்கம். 8 மணிக்குப் பிரிவு. ரெட் கதீட்ரல் இந்த முறை கிடையாது. 9 மணிக்குள் மேன்லி பீக்கன் தோள். அங்கே தண்ணீர், நேரம், தலைவலி மூன்றையும் பார்ப்போம். ஒன்று பிசகினாலும் வந்த வழி. 32 டிகிரிக்கு மேல் முன்னறிவிப்பு என்றால் நீலா சொன்ன 3 மைல் மட்டும். மழை என்றால் வண்டியிலேயே ஊர் சுற்றுவோம். திரும்பலாம் என்று சொல்லும் உரிமை மகள் உட்பட நால்வருக்கும் உண்டு, காரணம் கேட்பதில்லை என்று என் மனைவி ஒரு விதி சேர்த்திருக்கிறாள்.

நீலா

அந்தக் கடைசி விதிக்காகவே என் எதிர்ப்பை விலக்கிக்கொள்கிறேன். தோளில் நிற்கும்போது மகளுக்கு அந்தச் சிகரத்தின் பெயர்க்காரணத்தைச் சொல்லுங்கள். தங்கம் தேடி 1849-ல் வந்து இந்தப் பள்ளத்தாக்கில் சிக்கிய குடும்பங்களுக்காக, வில்லியம் மேன்லி தன் தோழர் ஜான் ராஜர்ஸோடு பல நூறு மைல் நடந்துபோய் உணவோடு திரும்பி வந்தவர்.

செவிலி_மங்கை

திட்டம் நன்றாக இருக்கிறது. கரைசல் பொட்டலங்களை ஒரே பையில் வைக்காமல் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுங்கள்.

வெண்களர்

இன்னும் மூன்று சின்ன விஷயம், குமரன். நிறுத்துமிடத்தில் கழிப்பறை உண்டு, குடிநீர் கிடையாது. நுழைவுக் கட்டணத்துக்கு ரொக்கம் வாங்குவதில்லை, அட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

நடைபாதையில் கைபேசிக் கோபுரம் எடுக்காது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். ஐபோன் 14-ம் அதற்குப் பிந்தையதும் செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும், ஆனால் வானம் திறந்து தெரியும் இடத்துக்கு வர வேண்டும். உயரமான சுவர்களுக்கு நடுவே நின்று முயன்றால் நேரம்தான் போகும். உங்களோடு வராத ஒருவரிடம் பாதையின் பெயர், வண்டி எண், திரும்பும் நேரம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். 11 மணிக்கு வந்துவிடுவீர்கள் என்றாலும் 1 மணி என்று சொல்லுங்கள், அதற்குள் அழைப்பு வராவிட்டால் பூங்காவின் அவசர எண்ணுக்குப் பேச வேண்டும் என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். ஃபர்னஸ் க்ரீக் திரும்பியதும் முதல் வேலையாக அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.